முழங்கைக்கு இடம் எங்கே?

பழைய காடி வாங்கப் போகும்போது விவரம் தெரிந்த ஓர் ஆளைக் கூட அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு வாய்த்தவர் பத்தாங் பெர்ஜுந்தையில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று 2007இல் பெயர் மாற்றிவிட்டார்கள், அவர் வாயில் இன்னும் பத்தாங்தான். அடிபட்ட காடிகளுக்குத் தகரம் தட்டிச் சாயம் அடிப்பது தொழில்.

அன்று பார்க்கப் போனது ஒரு பழைய கஞ்சில். நான் பானெட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வெளிப்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தார், ஓரத்து ரப்பரை விரலால் நெம்பி உரித்தார், கீல் இருக்கும் சந்துக்குள் கைப்பேசி வெளிச்சத்தை அடித்தார்.

"வெளிய எவன் வேணும்னாலும் பளபளன்னு அடிச்சிரலாம் தம்பி. இந்தச் சந்துக்குள்ள அடிக்கிறதுதான் கம்பெனி வேல."

விபத்தில் சிக்கிய காடிக்கு மறுபடி சாயம் அடிப்பவர்கள் பெரும்பாலும் வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ரப்பருக்கு அடியில் பழைய சாயமும் புதுச் சாயமும் சேரும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அண்ணன் அதைத்தான் தேடினார். எனக்கோ வேறு கேள்வி எழுந்தது. கீலுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலச் சந்து. அதற்குள் வழிசல் இல்லை, தூரிகைக் கோடு இல்லை, விட்டுப்போன திட்டு இல்லை. இந்த இடுக்கில் யார் கையை விட்டு அடித்தார்கள்?

அந்தக் காடி பிறந்த இடம் தூரமில்லை. பக்கத்து ஊரான ஈஜோக்கிலிருந்து லத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் ரவாங், அதை ஒட்டிச் சுங்கை சோ. 1993இல் தொடங்கிய பெரோடுவா நிறுவனம் அங்கிருந்துதான் 1994இல் கஞ்சிலை வெளியே விட்டது. ஜப்பானின் டைஹாட்சு மீரா காடியை அடிப்படையாகக் கொண்டு செய்தது. மூன்றரை மீட்டர்கூட நீளமில்லாத குட்டிக் காடி. சருகுமான் என்று பொருள்படும் பெயர் அதற்குப் பொருத்தம்தான். 2014இல் ஆக்சியா என்ற காடியோடு இரண்டாவது ஆலையும் வந்தது. 2023இல் பெரோடுவா விற்ற காடிகள் 3 லட்சத்துக்கும் மேல். ஆண்டுக்கு 250 நாள், நாளுக்கு 16 மணி நேரம் வேலை என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால் 2,40,000 நிமிடம் கிடைக்கிறது. இரண்டு ஆலைக்கும் பங்கு போட்டால் ஓர் ஆலையிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் ஒரு காடி வெளியே வந்தாக வேண்டும். அதற்குள் எல்லாச் சந்துபொந்துகளும் சாயம் குடித்திருக்க வேண்டும்.

சாயம் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். உண்மையில் அது நாலைந்து அடுக்கு, மொத்தமாகச் சேர்த்தாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்த அளவின் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கே சீவ வேண்டும், கத்தி கொஞ்சம் ஆழம் போனால் மரத்துக்குக் காயம், போகாவிட்டால் மங்கில் பால் இல்லை. காடிக்குச் சாயம் அடிப்பவரின் கை அதைவிடப் பதினைந்து மடங்கு மெல்லிய கணக்கில் நடக்க வேண்டும்.

முதல் அடுக்குக்குக் கையே தேவையில்லை. காடியின் வெறும் உடலை அப்படியே ஒரு பெரிய தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். தொட்டியில் இருப்பது நீரில் கலந்த சாயம். காடிக்கும் தொட்டிக்கும் இடையே மின்சாரம் பாய்ச்சினால் சாயத் துகள்கள் தகரத்தை நோக்கி வந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் வெளிப்புறம்தான் மூடப்படும். படிந்த சாயம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே வெளிப்புறம் மூட மூட மின்னோட்டம் இன்னும் மூடப்படாத இடத்தைத் தேடி உள்ளே உள்ளே போகிறது. வாசல் பக்கம் இருக்கைகள் நிரம்பிய பிறகு வருகிறவர்கள் தாமாகவே பின்வரிசைக்குப் போவதைப் போல. இதை ஊடுருவுதிறன் என்று சொல்லலாம். துருவைத் தடுப்பது இந்த அடுக்குதான்.

அப்படியானால் எல்லா அடுக்கையும் முக்கியே எடுத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. முதல் அடுக்கு படிந்ததுமே காடி மின்சாரத்துக்குக் கதவடைத்துவிடுகிறது. போதாததற்கு நிறத்துக்கு ஒரு தொட்டி வேண்டும், நீச்சல் குளம் அளவுக்கு. வெள்ளை, சிவப்பு, வெள்ளி, நீலம் என்று குளங்களாக வெட்டிக்கொண்டே போக முடியுமா? நிறமும் மினுமினுப்பும் தெளித்துத்தான் ஏற்ற வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

என் அம்மா தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடித்தவர். முதுகில் பம்பு, கையில் நீளக் குழாய். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் குழாயைத் திறக்க மாட்டார். தெளித்ததில் எவ்வளவு புல்லுக்குப் போனது, எவ்வளவு தன் சட்டைக்கு வந்தது என்ற கேள்வி அவருக்குத் தினமும் உண்டு. காடிச் சாயத்துக்கும் அதே கேள்விதான். தெளித்த சாயத்தில் எத்தனை பங்கு காடியில் ஒட்டியது என்பதை ஒட்டுவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். டொயோட்டா 2020இல் புதிய தெளிப்பான் ஒன்றை அறிவித்தபோது, வழக்கமான முறையில் 60 முதல் 70 சதவீதம்தான் ஒட்டுகிறது, எங்கள் தெளிப்பானில் 95 சதவீதத்துக்கு மேல் என்று சொன்னது. வழக்கமான முறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போகிறது என்று அர்த்தம்.

அந்த 60, 70 சதவீதமும் சும்மா வந்ததில்லை. தெளிப்பானின் முனையில் மங்கு போன்ற ஒரு சிறு உலோகக் கிண்ணம், நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழல்கிறது. நனைந்த குடையைச் சுழற்றினால் விளிம்பிலிருந்து தண்ணீர் சிதறுமே, அதே மாதிரி கிண்ணத்தின் விளிம்பிலிருந்து சாயம் பனியாகச் சிதறும். அந்தத் துளிகளுக்கு 60,000 வோல்ட்டுக்கும் மேல் மின்னேற்றம் கொடுக்கிறார்கள். காடி தரையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. துளிகள் தாமே காடியைத் தேடிப் போகின்றன. சீப்பால் தலை வாரிவிட்டுக் காகிதத் துண்டுகளின் பக்கத்தில் கொண்டுபோனால் அவை துள்ளி வந்து ஒட்டுமே, அந்த நிலைமின் ஈர்ப்புதான்.

(மின்சாரம் என்றதும் ரவாங்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. மலாயாவில் மின்சாரம் முதலில் வேலைக்கு வந்தது ரவாங் ஈயச் சுரங்கத்தில், 1894இல். கொண்டுவந்தவர்கள் லோக் இயூவும் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலை நிறுவிய நம் தம்புசாமிப் பிள்ளையும்.)

இந்த நிலைமின் ஈர்ப்பு வெளிப்புறத்துக்கு வரம், சந்துக்குச் சாபம். மின்னேற்றம் பெற்ற துளி உலோகத்தின் முதல் விளிம்பைக் கண்டதும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், இடுக்கின் ஆழத்துக்குப் போகாது. இதன் வேர் 1836இல் இருக்கிறது. லண்டனில் மைக்கேல் ஃபாரடே பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறையைக் கட்டி, உலோகத் தகட்டால் போர்த்தி, வெளியே பொறி பறக்கும் அளவுக்கு மின்னேற்றினார். பிறகு மின்னளவியையும் மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். உள்ளே மின்சாரத்தின் சுவடே தெரியவில்லை. உலோகத்தால் சூழப்பட்ட இடத்துக்குள் வெளியிலிருக்கும் மின்விசை எட்டிப் பார்க்காது. காடிக் கதவின் சந்து முழுதாக மூடிய அறை இல்லை, அரைகுறை ஃபாரடே கூண்டு. ஆனாலும் விளிம்பில் தடிப்பாகவும் மூலையில் மெலிதாகவும் சாயம் படிவதற்கு அந்த அரைகுறையே போதும். மூலையில் மெலிந்திருப்பதை எப்படி அறிகிறார்கள் என்றால், காந்தத்தால். தகரத்தின் மீது வைத்த சிறு கருவி, காந்த இழுப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கொண்டு இடையிலுள்ள சாயத்தின் தடிப்பைச் சொல்லிவிடும். சோதனைக் காடி ஒன்றில் நூற்றுக்கணக்கான புள்ளிகளில் இப்படி அளந்து பார்த்துத்தான் தெளிக்கும் முறையைத் திருத்துகிறார்கள்.

இடுக்குக்குச் சாயம் தானாகப் போகாது என்றாகிவிட்டது. தெளிப்பானையே உள்ளே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோவது கை. கைக்குப் பின்னால் முழங்கை என்று ஒன்று இருக்கிறது.

இந்த இடத்தில் வாசகர் ஒரு நிமிடம் ஒதுக்க வேண்டும். உள்ளங்கையை மேசையில் அழுத்தி வையுங்கள். கையும் நகரக்கூடாது, தோளும் நகரக்கூடாது. இப்போது முழங்கையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைகிறது. கை இருக்கும் இடம் ஒன்றே, முழங்கை இருக்கக்கூடிய இடங்களோ எண்ணற்றவை. குறுகிய இடத்துக்கு இயந்திரக் கை வடிவமைக்கும் கலை முழுவதும் இந்த ஒரு வித்தையைச் சுற்றியே நடக்கிறது என்பது என் எண்ணம். தெளிப்பானைச் சந்துக்குள் கொண்டுபோவது பெரிய விஷயமில்லை. மிச்ச உடம்பை எங்கே ஒளித்து வைப்பது?

ஒரு பொருளை விரும்பியபடி நிறுத்த எத்தனை மூட்டு தேவை? இடத்துக்கு மூன்று: முன்பின், இடவலம், மேல்கீழ். திசைக்கு மூன்று. அந்த மூன்றையும் நம் தலையே காட்டிவிடும். ஆமாம் என்று குனிந்து நிமிர்வது ஒன்று, இல்லை என்று திருப்புவது ஒன்று, 'சரி சரி' என்று தோள்பக்கம் சாய்த்து ஆட்டுகிறோமே, வெள்ளைக்காரர்களுக்குக் கடைசிவரை புரியாத அந்த ஆட்டம் ஒன்று. ஆக ஆறு. இவற்றை இயங்குவழிகள் என்று அழைக்கலாம். ஆறு மூட்டுள்ள இயந்திரக் கை எட்டும் தூரத்தில் எந்தப் புள்ளிக்கும் எந்தத் திசையிலும் தெளிப்பானைக் கொண்டுபோகும். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு முழங்கைக்குத் தேர்வு கிடையாது. கணக்கு அனுமதிக்கும் ஒருசில நிலைகளில் ஒன்றில் நின்றாக வேண்டும். அங்கே கதவுத் தூண் குறுக்கே இருந்தால் போச்சு.

நம் கையை எண்ணுங்கள். தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, முன்கை முறுக்கலுக்கு ஒன்று, மணிக்கட்டில் இரண்டு. ஏழு. தேவைக்கு மேல் ஒன்று. மேசையில் முழங்கையை ஆடவிட்டது அந்த ஒன்றுதான். இதை மிகைமூட்டு என்று சொல்கிறேன். பெயர்தான் மிகை, இடுக்கில் அது இல்லாமல் பிழைப்பில்லை.

நெடுங்காலமாக ஆலைகளில் இந்த ஏழாவது இயக்கத்தைத் தண்டவாளம் தந்தது. ஆறு மூட்டுக் கையைத் தண்டவாளத்தில் நிறுத்தி, காடியின் நீளத்துக்கு முன்னும் பின்னும் ஓடவிட்டார்கள். வேலை நடந்தது, ஆனால் தண்டவாளம் இடத்தை அடைக்கும், சாயப் பனி படிந்து அழுக்காகும். ஜெர்மனியின் டூர் நிறுவனம் தண்டவாளத்தையே எடுத்துவிட்டு ஏழாவது மூட்டைக் கைக்குள்ளேயே வைத்த ஒரு வகையைக் கொண்டுவந்தது. அது சுவரில் நின்றபடியே காடிக்குள் வளைந்து போகும்.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி. "ரூம அகலமா கட்டிட்டா என்னா?"

அகலத்துக்கு விலை உண்டு, அதைத் தினமும் கட்ட வேண்டும். சாயக்கூடத்தில் கூரையிலிருந்து தரைக்குக் காற்று ஓயாமல் இறங்கிக்கொண்டே இருக்கிறது, நொடிக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் வேகத்தில். காடியில் ஒட்டாத சாயப் பனியைக் கீழே அடித்துக்கொண்டு போவது அதன் வேலை. கூடம் 5 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் என்றால் நொடிக்கு 15 கன மீட்டர் காற்று வேண்டும். 4 மீட்டராகக் குறைத்தால் 12. அந்தக் காற்றை வடிகட்டி, வெப்பத்தையும் ஈரத்தையும் ஒரே அளவில் வைத்து அனுப்ப வேண்டும். துவைத்துப் போட்ட சட்டை மழைக்காலத்தில் இரண்டு நாளாகியும் காயாத சிலாங்கூர் காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுப்பது எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதை வீட்டு ஏர்கோன் பில்லைக் கொண்டே ஊகிக்கலாம். ஒரு காடி ஆலை செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பங்கு சாயப்பிரிவுக்குத்தான் போகிறது. அதனால் கூடத்தைக் குறுக்கச் சொல்கிறார்கள் கணக்கர்கள். கூடம் குறுகக் குறுகக் கைக்குப் பின்னால் இருக்கும் சுவரும் நெருங்கி வருகிறது. முன்னால் கதவுச் சந்து, பின்னால் சுவர், நடுவில் முழங்கை.

இது போதாதென்று வேறு இரண்டு தொல்லைகள். சாயக் குழாயும் காற்றுக் குழாயும் கைக்கு வெளியே தொங்கினால், பஸ் கதவில் மாட்டிய முந்தானை கதைதான். கதவில் சிக்கும், ஈரச் சாயத்தில் உரசும். அதனால் சாயம் அடிக்கும் இயந்திரக் கையின் மணிக்கட்டு உள்ளீடற்றது, மூங்கில் மாதிரி. குழாய்கள் அதற்குள்ளேயே ஓடுகின்றன. முறுக்கும்போது குழாய் மடிந்துவிடாதபடி மணிக்கட்டின் மூட்டுகளைச் செங்குத்தாக வைக்காமல் சாய்வாக வைத்திருப்பார்கள். இரண்டாவது தொல்லை தீ. கரைப்பானின் ஆவியில் ஒரு சிறு பொறி போதும். மின்மோட்டாரும் கம்பிகளும் நிறைந்த கையை அதற்குள் எப்படி அனுப்புவது? கையின் உள்வெளியில் சுத்தமான காற்றை அடைத்து, வெளியழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே வைத்திருக்கிறார்கள். ஓட்டை இருந்தாலும் காற்று வெளியேதான் கசியும், ஆவி உள்ளே நுழையாது. உள்ளழுத்தம் குறைந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடும்.

முதல் தலைமுறைக் கைகளுக்கு இந்தக் கவலை குறைவு, அவை எண்ணெய் அழுத்தத்தால் இயங்கின. அவற்றின் பிறப்பு எங்கள் தோட்டத்து ஆட்களுக்குப் பிடிக்கும். நார்வேயில் பிரூனே என்ற சிற்றூரில் டிரால்ஃபா என்ற நிறுவனம் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்துகொண்டிருந்தது. செம்பனைக் குலை ஏற்றி வரப்பில் தள்ளிக்கொண்டு போவோமே, மலாய்க்காரர்கள் கெரேத்தா சோரோங் என்பார்களே, அதே வண்டி. 1960களில் அதற்குச் சாயம் அடிக்க ஆள் கிடைக்கவில்லை. நெடியிலும் புகையிலும் நிற்க யாரும் வரவில்லை. ஊழியர் ஓலே மோலாவ்க் இயந்திரக் கை ஒன்றைச் செய்தார். 1969இல் அது விற்பனைக்கும் போனது. அதற்குக் கற்றுக்கொடுத்த விதம்தான் அழகு. தேர்ந்த சாயக்காரர் இயந்திரத்தின் கையைப் பிடித்து ஒருமுறை வண்டிக்குச் சாயம் அடிப்பார். அசைவெல்லாம் காந்த நாடாவில் பதிவாகும். பிறகு இயந்திரம் அதையே திரும்பத் திரும்பச் செய்யும். அரிச்சுவடி எழுதப் பழகும் பிள்ளையின் விரலைப் பிடித்து நெல்லில் எழுதவைப்பது போல.

தள்ளுவண்டிக்கு அது போதும். காடியின் உட்புறத்துக்குப் போதவில்லை. வெளிப்புறத்தை இயந்திரங்கள் எடுத்துக்கொண்ட பிறகும் கதவுச் சந்திலும் பானெட்டுக்கு அடியிலும் முகமூடி மாட்டிய மனிதர்களே நெடுநாள் அடித்தார்கள். மனிதருக்கு ஏழு மூட்டு இருக்கிறது, வளையும் முதுகு இருக்கிறது. மேல்பூச்சில் கலக்கும் கெட்டியாக்கியில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பழுதாக்கி ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பதும் இருக்கிறது. அண்ணன் இன்றும் பழைய பனியனை மூக்கில் கட்டிக்கொண்டுதான் அடிக்கிறார். துணி ஆவியைத் தடுக்காது, அதற்கென்று உள்ள முகமூடிதான் வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டுகிறார், அந்த மூன்றாவது வகை ஆட்டம்.

இப்போது வழி கண்டுபிடிக்கும் கணக்குக்கு வருவோம். கல்யாணச் சீர்வரிசை பீரோவை லயத்து வீட்டு வாசலில் நுழைத்தவர்களுக்கு இது புதிதில்லை. சாய்க்க வேண்டும், திருப்ப வேண்டும், கொஞ்சம் பின்வாங்கி மறுபடி நுழைக்க வேண்டும். இயந்திரத்துக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அமெரிக்காவில் தோமஸ் லொசானோ பெரெஸ் 1979இலும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் ஒரு தந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். செம்பனை மரங்களுக்கு இடையே ஓர் அடி ஆரமுள்ள திராமை நிமிர்த்தியபடி நகர்த்திக்கொண்டு போக வேண்டும் என்று வையுங்கள். திராமை ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடுங்கள். பதிலுக்கு ஒவ்வொரு மரத்தையும் சுற்றிலும் ஓர் அடி பருக்கவையுங்கள். பருத்த மரங்களுக்கு இடையே புள்ளி போக வழி இருந்தால் திராம் போகும். மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அந்த வழி அடைப்பு.

இயந்திரக் கைக்கும் இதே தந்திரம்தான், கொஞ்சம் தலைசுற்றும் வடிவத்தில். ஏழு மூட்டின் ஏழு கோணங்களையும் எழுதினால் கையின் ஒரு முழு நிலை கிடைக்கிறது. அந்த நிலையை ஒரு புள்ளியாகக் கருதுங்கள். எல்லா நிலைகளும் சேர்ந்து ஏழு பரிமாணமுள்ள ஒரு பெருவெளி. நிலைவெளி என்று பெயரிடலாம். கை எங்காவது இடிக்கும் நிலைகள் அதில் நீர்ப்பரப்பு, இடிக்காத நிலைகள் நிலம். கையை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது நிலத்தின் மேலேயே ஒரு பாதை போடுவது.

ஏழு பரிமாண நிலத்தை முழுதாக அளந்து வரைபடம் போட எந்தக் கணினிக்கும் பொறுமை இல்லை. 1996இல் லிடியா கவ்ராக்கியும் கூட்டாளிகளும் வேறு வழி சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு கற்களை வீசு. நீரில் விழுந்ததை விட்டுவிடு, நிலத்தில் விழுந்தவற்றைக் கோடுகளால் இணை, அதுவே பாதை வலை. திறந்த இடங்களில் இது அற்புதமாக வேலை செய்தது. சந்தில் தடுமாறியது. ஏனென்று எங்கள் கடலோரத் தோட்டக்காரர்களுக்கு உடனே விளங்கும். இங்கே காட்டுக்குக் காடு பெரிய வாய்க்கால், அதைக் கடக்க ஒரு பலகைத் தீத்தி. இரண்டு கரையிலும் கண்ணை மூடிக்கொண்டு நூறு கல் வீசுங்கள். பலகையின் மேல் எத்தனை விழும்? ஒன்றுகூட விழாமல் போகலாம். பலகை இருப்பதே கணினிக்குத் தெரியாது, வழி இல்லை என்று சொல்லிவிடும். காடிக் கதவின் சந்து நிலைவெளியில் அந்தப் பலகைதான்.

2003இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் சூவும் அவருடன் சேர்ந்தவர்களும் இதற்கு ஒரு குறுக்குவழி சொன்னார்கள். இரண்டு கற்களை அருகருகே வீசு. இரண்டும் தண்ணீரில் விழுந்தால் சோர்ந்து போகாதே, அவற்றின் நடுப்புள்ளியைப் பார். அங்கே நிலம் இருந்தால் நீ குறுகிய வழி ஒன்றின் மேல் நிற்கிறாய். அவர்கள் இதற்கு வைத்த பெயரே பாலச் சோதனை. தோற்ற இரண்டு முயற்சிகளைக் கொண்டு சந்தைக் கண்டுபிடிப்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த யோசனை.

பாதை கிடைத்தாலும் ஓர் ஆபத்து பாக்கி. சிலாங்கூர் ஆற்றின் மேல் வட்டமிடும் செம்பருந்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். தொலைவில் பறக்கும்வரை தலையை மெல்லத் திருப்பினால் போதும். நேர் உச்சியைக் கடக்கும் நொடியில் உடம்பையே சட்டென்று சுற்ற வேண்டியிருக்கும். பருந்து வேகம் கூட்டவில்லை, உங்கள் மூட்டுகளின் அமைப்பு அப்படி. இயந்திரக் கையிலும் இரண்டு மூட்டுகளின் அச்சு ஒரே கோட்டில் வந்துவிட்டால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யும், ஓர் இயங்குவழி காணாமல் போகும். இதை முடக்கநிலை என்று சொல்லலாம். தெளிப்பான் துளி நகர்வதற்கு மணிக்கட்டு சுழன்று தள்ளும், அல்லது கையின் வேகம் தடுமாறும். கை தடுமாறினாலும் சாயம் சீராக வந்துகொண்டே இருப்பதால் அந்த இடத்தில் தடிப்பு கூடும், வழியும். வடிவமைப்பாளர்கள் பாதையை மட்டும் பார்ப்பதில்லை, பாதையில் எந்த இடத்தில் முடக்கநிலை பக்கத்தில் வருகிறது என்பதையும் பார்த்து முழங்கையை வேறு பக்கம் சாய்க்கிறார்கள். மிகைமூட்டின் இன்னொரு புண்ணியம் அது.

இவ்வளவும் முதலில் கணினித் திரையில் நடக்கிறது. பிறகு சாயம் இல்லாமல், மெதுவாக, ஒரு காடியின் மீது வெள்ளோட்டம். அதன் பிறகே சாயத்தோடு. அப்புறம் காந்தக் கருவி.

கதவை யார் திறப்பது? அதுவும் ஓர் இயந்திரக் கைதான். 1980களிலேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் கதவு திறப்பதற்கென்றே தனிக் கைகள் வந்துவிட்டன. கண்ணாடி இறங்கும் இடுக்கில் கொக்கியை விட்டு இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மற்றது அடித்து முடிக்கும், பிறகு ஈரச் சாயத்தைத் தொடாமல் சாத்தும். இரண்டு கையும் ஒரே சந்தில் மோதிக்கொள்ளாமல் இருக்க ஒருவழிப் பாலத்து ஒழுங்கு: ஒன்று உள்ளே இருக்கும்வரை மற்றது காத்திருக்கும். கதவைக் கழற்றித் தனியே அடித்தால் இந்த வம்பே இல்லை, ஆனால் மினுமினுப்புச் சாயத்தில் இருக்கும் நுண்ணிய உலோகச் செதில்கள் எந்தச் சாய்வில் படிகின்றன என்பதைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும். கதவும் உடலும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், அதனதன் இடத்தில் இருந்து சாயம் பெற்றால்தான் வெயிலில் ஒன்றாகத் தெரியும்.

கஞ்சிலை வாங்கினேன். ஆறு மாதம் கழித்து ஒரு கம்பத்தில் உரசி இடது கதவு போனது. அண்ணன் புதுக் கதவு மாட்டி அடித்துக்கொடுத்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கீல் சந்துக்கு வந்தபோது வலது கையில் சாயத் துப்பாக்கி, இடது கையால் அதன் குழாயைக் காடியில் உரசாமல் தோளுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்திருந்தார். கதவு தானாகச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்காமலே இடுப்பால் தள்ளி நிறுத்தினார். முழங்கை கூரையைத் தொடாமல் விலாவோடு ஒட்டி மடங்கியிருந்தது. துப்பாக்கி மட்டும் ஒரே வேகத்தில் கீழிறங்கிக்கொண்டிருந்தது.